கேம்பர் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்

சென்ற ஆண்டு வாடைக்காற்று தொடங்கியிருந்த நாட்களில், தொண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தாமே கட்டிய கேம்பர் வண்டியை இராமநாதபுரத்தில் உள்ள என் பட்டறைக்கு ஓட்டிவந்தார். பிக்கப் வண்டியின் பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டத்தின் மேல் தகடு அடித்து ஓர் அறையை அமைத்திருந்தார். உள்ளே படுக்கையும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் இருந்தன. கூரையின் மேல் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மரவேலை மிக நேர்த்தி. பின்கதவு ஒருநாள் மூடுகிறது, மறுநாள் மூட மறுக்கிறது என்பதுதான் அவருடைய குறை. “கீலை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே” என்றார். நான் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்த்தபோது, ஓட்டுநர் அறைக்குச் சற்றுப் பின்னால், அறையின் சட்டத்தை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு நேரடியாக வெல்டிங் செய்திருந்த இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குச் சேசிஸ் விரிசல் விட்டிருந்தது.

பாலைவனப் பயண வண்டிகளுக்குப் பாடி கட்டும் ஷார்ஜா பட்டறை ஒன்றில் நான் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். லேண்ட் குரூசர் முதல் யூனிமாக் லாரி வரை எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. குளிர்காலத்தில் ஓமானின் மலைகளுக்கும் மணல்வெளிக்கும் செல்லும் ஐரோப்பியர்களின் வண்டிகளையும் பழுது பார்த்திருக்கிறோம். அத்தகைய வண்டிகளின் காணொளிகளைப் பார்த்து நம் கடற்கரைப் பிள்ளைகளும் இன்று வண்டி கட்டத் தொடங்கியிருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் காணொளியில் தெரிவது படுக்கையும் அடுப்பும் சன்னலும்தான். அந்த வண்டியைப் பல்லாயிரம் கிலோமீட்டர் பத்திரமாக ஓடவைக்கும் வேலை அறைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் இருக்கிறது. அது படத்தில் வருவதில்லை, அதனால் நகலிலும் வருவதில்லை.

முதலில் சேசிஸுக்கும் அறைக்கும் உள்ள இணைப்பைச் சொல்கிறேன். லாரிக்கும் பிக்கப்புக்கும் உள்ள ஏணி வடிவச் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்படியே செய்யப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அது வளைந்து கொடுப்பதால்தான் நான்கு சக்கரங்களும் தரையைப் பிடிக்கின்றன. அதன் மேல் நாம் வைக்கும் அறையோ பிஸ்கட் டின்னைப் போல விறைப்பானது. விறைப்பான ஒன்றை வளையக்கூடிய ஒன்றின் மேல் நான்கு மூலைகளிலும் இறுக்கிவிட்டால், அறையின் மூலை பிளக்கும், அல்லது சேசிஸ் வெடிக்கும். அதற்கு முன்பே கதவு நிலை கோணிக்கொள்ளும். நம் கடற்கரையில் கட்டுமரத்தைக் கயிற்றால்தான் கட்டினார்கள், ஆணியால் இறுக்கவில்லை. அலையில் மரங்கள் ஒன்றுக்கொன்று சற்று அசைய இடம் இருந்தது. வெளிநாட்டுப் பயண லாரிகளிலும் அதே அறிவுதான் வேலை செய்கிறது. அறையைத் தனியான ஒரு துணைச்சட்டத்தின் மேல் வைத்து, அந்தச் சட்டத்தை ஒரு முனையில் இரண்டு இடங்களிலும் மறுமுனையில் நடுவே ஒரே ஒரு சுழல்முளையிலும் பிடிக்கிறார்கள். இன்னொரு முறையில், ஒரு முனையில் போல்ட்டை இறுக்கிவிட்டு, மறுமுனையில் சுருள்வில் கோத்த போல்ட்டுகளைப் போடுகிறார்கள். சிறிய பிக்கப் வண்டிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நிறுவனம் தொட்டியைப் பொருத்திய அதே துளைகளையும் அதே ரப்பர் மெத்தைகளையும் பயன்படுத்தினால் பெரும்பாலும் போதும். சேசிஸின் மேல் வெல்டிங் வைப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வெப்பம் பட்ட இடத்துக்கு அருகில் இரும்பின் தன்மை மாறிவிடுகிறது, விரிசல் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

அடுத்தது எடை. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 32 கிலோ. பத்துப் பலகை போட்டால் மரம் மட்டுமே 320 கிலோ ஆகிவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அந்த இளைஞர் கூரையில் வைத்திருந்த தொட்டி நிறைந்தால் 200 கிலோ; பாதி நிறைந்திருக்கும்போதோ தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் அலையடித்து வண்டியைச் சாய்க்கும். தண்ணீரும் பேட்டரியும் பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சான பின் ஆக்சிலுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தின் எல்லை 3,500 கிலோவாக இருப்பதால், அங்கே வண்டி கட்டுவோர் ஒவ்வொரு பலகையையும் நிறுத்துப் பார்த்தே வைக்கிறார்கள். நாம் முடித்த பிறகு ஒரு முறையாவது, தண்ணீர் நிரப்பி, ஆட்களை ஏற்றி, எடைமேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது என்றால், நம் காற்றின் தன்மை விளங்கும். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாக வைத்து எவர்சில்வர் திருகால் இறுக்காதீர்கள். வெவ்வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சிறிய பேட்டரியாக மாறி, அலுமினியம் மாவாக உதிரும். இடையில் ரப்பரோ ஒட்டுநாடாவோ கட்டாயம் வேண்டும். தனுஷ்கோடிக்கோ வாலிநோக்கத்துக்கோ போய்வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இனி, என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்த காரணத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக இயங்கிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நுழைந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்புவதும் இல்லை. நம் கடற்கரையின் சித்திரை வெக்கையில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு உறங்குவதை நான் பலமுறை பார்த்து எழுப்பிவிட்டிருக்கிறேன். ஒயர் கொண்டுபோகத் தரையில் போட்ட ஒரு துளை, கழிவுநீர்க் குழாயைச் சுற்றி விட்ட ஓர் இடைவெளி, இவ்வளவு போதும். ஒவ்வொரு துளையையும் ரப்பர் வளையம் வைத்துச் சீலண்டால் அடையுங்கள். ஜெனரேட்டரை வண்டிக்குள்ளோ அடியிலோ வைக்காதீர்கள். கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நம்பியும் உள்ளே எடுத்துவராதீர்கள். படுக்கை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றைப் பொருத்துங்கள். அது இல்லாமல் எந்தக் கேம்பர் வண்டியையும் நான் உரிமையாளரிடம் ஒப்படைப்பதில்லை.

சமையல் கேஸ் வேறுவிதம். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, படுக்கைக்கு அடியில் குளமாகத் தேங்கும். ஆகவே சன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. சிலிண்டரை வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் தனிப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறந்திருக்கும் துளை விட வேண்டும். மின்சாரத்திலும் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 12 வோல்ட்டில் 1,000 வாட் இன்வெர்ட்டர் 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய ஒயர் அதைத் தாங்காமல் பிளைவுட்டுக்குப் பின்னால் உருகும். தடித்த கேபிளும், பேட்டரி முனைக்கு ஒரு சாணுக்குள் ஃபியூஸும் வேண்டும்.

மணலில் ஓட்டுவோர் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதை இப்போது அறிந்திருக்கிறார்கள்; காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 18 அளவுக்கு இறக்கலாம், தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் ஏற்றிவிட வேண்டும். நம் பகுதியின் ஆபத்து மணலைவிட உவர்நிலம்தான். வளைகுடாவில் சப்கா என்பார்கள். மேலே உலர்ந்த உப்புப் பொருக்கும் கீழே களிச்சேறுமாக இருக்கும். உப்பளங்களின் ஓரத்தில் நமக்கும் அதே நிலம் இருக்கிறது. அதில் புதைந்த வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் கொக்கியின் குண்டில் கயிற்றைக் கட்டாதீர்கள். அது முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சேசிஸில் பொருத்திய இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் கடற்கரை மணலில் வண்டியை இறக்காமல் இருங்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அறையின் உயரத்தை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். சாதாரணக் கண்டெய்னரின் வாசல் உயரம் சுமார் 2.28 மீட்டர், உயரமான வகையில் 2.58 மீட்டர், அதைத் தாண்டினால் வண்டியை ஓட்டி ஏற்றும் கப்பலைத்தான் தேட வேண்டும். வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோக, பல நாடுகளின் சுங்கத்துக்குக் கார்னே என்னும் ஆவணம் தேவை. மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்குகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்காகச் செய்யப்பட்டவை. அது கிடைக்காத நாடுகளில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். உள்நாட்டிலோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியின்றி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பாடி கட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள்.

தொண்டி இளைஞரின் வண்டியை முதலில் எடைமேடைக்குத்தான் கொண்டுபோனோம். பின் ஆக்சில், அனுமதித்த அளவைவிட 340 கிலோ கூடுதலாகச் சுமந்திருந்தது. சீட்டைப் பார்த்த பிறகு அவர் கீலைப் பற்றிப் பேசவில்லை. அறையை இறக்கி, வெல்டிங்கை அறுத்து, சேசிஸ் விரிசலைத் தயாரிப்பாளர் காட்டிய முறைப்படி சரிசெய்து, துணைச்சட்டம் ஒன்றை ரப்பர் மெத்தைகளின் மேல் உட்காரவைத்தோம். கூரைத் தொட்டி போய், 80 லிட்டர்த் தொட்டி ஒன்று தரைக்கு வந்தது. பிளைவுட்டில் பாதியைக் கழற்றினோம். அவர் தம் கையால் இழைத்தவை என்பதால் அது அவருக்கு வலித்தது, எனக்கும் வலித்தது. ஐந்து வாரம் ஆயிற்று. ஒப்படைக்கும் நாளில் பட்டறை வாசலில் இருந்த ஜல்லிக் குவியலின் மேல் முன்சக்கரம் ஒன்றை ஏற்றி நிறுத்தச் சொன்னேன். வண்டி கோணி நின்றது. பின்னால் போய்க் கதவைச் சாத்தினார், ஒரே தள்ளில் மூடிக்கொண்டது.