சரீரம்: தமிழில் யாக்கை

சரீரம் என்றால் உடல். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். தத்துவ நூலைத் தமிழில் எழுதும்போது போதாது.

சரீரம் வடசொல். 'சீர்யதே இதி சரீரம்', அதாவது தேய்ந்து அழிவதால் சரீரம் என்பது மரபு விளக்கம். இதன் இணைச்சொல் தேகம்; பூசுதல், திரட்டுதல் என்ற பொருளுள்ள 'திஹ்' அதன் வேர். ஒன்று உடலின் முடிவைச் சொல்கிறது, மற்றது அது உருவாகும் விதத்தை.

தமிழில் நிகர்ச்சொல் யாக்கை. யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளைக் கட்டும் யாப்புக்கும் இதுவே வேர். இரசம் (உணவின் சாரம்), இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு, மச்சை (எலும்பின் உள்ளீடு), சுக்கிலம் (விந்து) என்னும் ஏழு தாதுக்களால் யாக்கப்பட்டது யாக்கை. யாறு ஆறு ஆனதுபோல் யாக்கை ஆக்கை ஆனது. 'ஆக்கு' என்ற வினையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கட்டு வேறு, கட்டுக்குள் இருப்பவனாகிய ஆன்மா வேறு. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் மூன்றாவது இதைத்தான் நிறுவுகிறது. அதில் ஒரு காரணம் 'எனது உடல் என்றலின்'. என் கை, என் கால் என்று சொல்லும்போதே உடைமையும் உடையவனும் பிரிந்துவிடுகிறார்கள். இன்னொன்று 'கண்படில் உண்டிவினை இன்மையின்'. உறங்குகிறவனுக்கு மூச்சு சீராக ஓடுகிறது. ஆனால் உண்பதுமில்லை, வினை செய்வதுமில்லை. எனவே பிராணனும் ஆன்மா அன்று. என்ன அழகான தருக்கம்!

பலர் தவறுவது சூக்கும சரீரத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உடலில். அதையே ஆன்மா என்று எழுதிவிடுகிறார்கள். வேதாந்தக் கணக்கில் அது 17 உறுப்புகளின் கட்டு: அறிவுப்பொறி 5, செயற்பொறி 5, பிராணன் 5, மனம், புத்தி. சாங்கியம் என்ற தத்துவப் பள்ளி 18 என்று எண்ணும். சைவ சித்தாந்தத்தில் அது புரியட்டகம்: தன்மாத்திரை (ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்பவற்றின் நுண்வடிவம்) 5, மனம், புத்தி, அகங்காரம் என எட்டு. எப்படி எண்ணினாலும் அது சடம்தான். அறிகிற பொருள் அன்று. நுண்ணுடம்பு என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

யாக்கை பொருந்தாத இடமும் உண்டு. வைணவ ஆசாரியர் இராமானுசர், பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் சரீரத்துக்குத் தரும் இலக்கணம் வேறு: ஓர் அறிவுள்ள பொருள் தன் பயனுக்காக முழுவதும் தாங்கி, முழுவதும் இயக்கி, தனக்கே உரியதாக வைத்திருக்கும் பொருள் அதன் சரீரம். கை, கால் வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. அதனால்தான் உலகம் முழுவதும் இறைவனுக்குச் சரீரம் ஆகிறது. பிணத்தைச் சரீரம் என்பதோ பழைய நிலையை வைத்துச் சொல்வது மட்டுமே; தாங்கும் உயிர் நீங்கியதும் அது சிதையத் தொடங்கிவிடுகிறது. இங்கே தாதுக்கட்டு என்ற பொருளுக்கு வேலை இல்லை, உடல் என்றே எழுத வேண்டும். நம்மாழ்வாரின் சொல்லும் அதுதான்: 'உடல்மிசை உயிரெனக் கரந்தெங்கும் பரந்துளன்'.