மார்கழியில் காயவைத்தால் சித்திரையில் தீவனம்

மாசி பிறந்துவிட்டால் சேலம் மாவட்டத்தில் ஓமலூர், மேச்சேரி, தாரமங்கலம் பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரே பேச்சுதான். போர்வெல்லில் தண்ணீர் குறைகிறது, நேப்பியர் தீவனப் புல் வாடுகிறது, இன்னும் இருநூறு அடி இறக்கலாமா? சினை பார்க்கப் போன இடத்தில் என்னிடமும் கேட்பார்கள். கால்நடை மருத்துவரிடம் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. "இல்லைன்னா மாட்டைக் கொடுத்துடலாங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பேன். பாசனத் தீவனம் என்றாலே கோடை முழுக்கத் தோட்டம் பச்சையாக இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். நம் மாவட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. கிணற்றில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் விளைவித்து, காயவைத்து, வைக்கோல் போர் மாதிரி போர் போட்டுவிட வேண்டும். கோடையில் மோட்டாருக்கு வேலை வைக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் ஆகிறது. ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு அங்குலம், வாரம் ஒரு பாய்ச்சல் என்றால் மாதம் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அப்படி வளர்த்து அறுக்கும் பச்சைப் புல்லிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இலவச மின்சாரம் என்பதால் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை. சேலத்துக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். மாவட்டத்தின் பல குறுவட்டங்களை நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. பால் காசில் அடைத்துவிடலாம் என்று கடன் வாங்கி ஆயிரம் அடிக்கு இறக்கி, தண்ணீர் இல்லாமல் வெறும் புகை வந்து, கடைசியில் மாட்டையே விற்ற குடும்பங்களை நான் அறிவேன்.

சரி, எதை எப்போது விதைப்பது? நமக்கு மழை அதிகம் கிடைப்பது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளத்தைப் புரட்டாசிக் கடைசியில் விதைத்தால், 65 முதல் 70 நாளில் முதல் அறுப்பு. அது மார்கழியில் வரும். அதிலிருந்து 50 நாளில், மாசி தொடங்கும்போது இரண்டாவது அறுப்பு. மழையும் சில பாய்ச்சல்களைப் பார்த்துக்கொள்ளும். மார்கழி, மாசி வெயில் காயவைக்கத் தோதானது. நேப்பியர் இதற்கு ஆகாது. தண்டு தடிமன், மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதைச் சைலேஜ் போடலாம், அதாவது பச்சையாகவே நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தலாம். ஏற்காட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் சைலேஜ்தான் சரி. அந்த மூடுபனியில் எதையும் காயவைக்க முடியாது.

காயவைப்பதில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். பாதிக்குப் பாதி பூத்ததும் அறுக்க வேண்டும். கதிர் முற்றவிட்டால் சத்து குறைந்து தண்டு கட்டையாகிவிடும். அறுத்ததைக் காட்டிலேயே மெல்லிசாகப் பரப்புங்கள். காலைப் பனி நன்றாக உலர்ந்த பிறகுதான் புரட்ட வேண்டும். இலை இரண்டு நாளில் சரசரக்கும், அதை நம்பக் கூடாது. தண்டின் கணுவை நகத்தால் சுரண்டுங்கள். ஈரம் கசிந்தால் இன்னும் காயவில்லை. முறுக்கினால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். போர் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. போர் போட்ட முதல் இரண்டு வாரம் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகி, அவ்வப்போது உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே பிரித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை 'உதறிப் போட்டால் தின்னும்' என்று சினைமாட்டுக்குப் போடாதீர்கள். சினை கலைந்து கன்று வீசிவிடக்கூடும். பூஞ்சண நஞ்சான அஃப்ளடாக்சின் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தையும்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து அறுப்பு முடிந்த காட்டில் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தியதும் அறுத்த சோளத்தின் அடிக்கட்டை வாடும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் அதிலிருந்து கிளம்பும் மறுதாம்பு சாண் உயரத்துக்குத் துளிர்க்கும். பார்க்க ஆசையாக இருக்கும். வாடிப்போய்த் துளிர்த்த இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற சயனைடு நஞ்சு கொட்டிக் கிடக்கும். தாரமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளாடுகளை அப்படி அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு செத்துவிட்டன. ஒன்று நுரை தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. ஊசி போட எடுத்த ரத்தம் பளீர் சிவப்பு. உடனே மருந்து கிடைத்ததால் அது பிழைத்தது. நன்றாகக் காய்ந்த சோளத் தட்டையில் இந்த நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அரைகுறையாக வாடியதில் போகாது.

நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு அப்படியில்லை. அது காய்ந்தாலும் போகாது, போரிலும் அப்படியே இருக்கும். சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டு, பயிர் வாடி, அப்புறம் மழை பெய்து, உடனே அறுத்தால் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். மழைக்குப் பின் ஒரு வாரமாவது விட்டு, அடியில் அரை அடி தட்டையை நிறுத்தி அறுங்கள். இந்த நஞ்சு ஏறிய மாட்டின் ரத்தம் காபி டிக்காஷன் நிறத்தில் இருக்கும், ஈறும் கறுத்துப்போகும்.

லாபம் எங்கே என்று கேட்பீர்கள். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. கோடையில் டெல்டாவிலிருந்து லாரியில் வரும் வைக்கோலுக்குச் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சொந்தத் தட்டைப் போர் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று, ஆவின் சங்கத்தில் பாலில் உள்ள கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்துத்தான் காசு. பச்சையும் அடர்தீவனமும் மட்டும் தின்னும் மாடு சரியாக அசைபோடாது, கொழுப்பு இறங்கும். காய்ந்த தட்டையின் நார்ச்சத்து அதைத் தூக்கி நிறுத்தும். ஆனால் போர்வெல்லை நம்பி விற்பனைக்காக ஏக்கர் கணக்கில் தீவனம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள் யோசிக்கலாம். அவர்களும் தட்டையோடு வெளியே போகும் சத்துக்கு ஈடாகத் தொழுவுரம் போட்டே ஆக வேண்டும்.

மாடு தள்ளாடினால் எண்ணெய், மோர் என்று வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மற்ற மாடுகளை அந்தத் தீவனத்திலிருந்து பிரித்துக் கட்டிவிட்டு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். தின்றது காட்டுத் துளிரா, போர்த் தட்டையா, யூரியா எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு நஞ்சுக்கும் மருந்து வேறு வேறு. சயனைடுக்குப் போடும் சோடியம் நைட்ரைட்டை நைட்ரேட் ஏறிய மாட்டுக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.