கால் மாற்றிக் காட்டிய நோயாளி

உள்ளங்காலின் வெளி ஓரமாக, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி ஒரு சாவி முனையால் அழுத்திக் கோடு இழுத்தால், பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் நரம்புப் பாதை பழுதுபட்டிருந்தால் விரல் மேலே எழும். இதற்குப் பாபின்ஸ்கி குறி என்று பெயர். நரம்பியல் தேர்வில் விரல் எந்தக் காலில் எழுகிறது என்பதைத் தவறவிட்டால் விடையே தடம் மாறிவிடும்.

அமெரிக்காவில் ஹவர்ட் பாரோஸ் நரம்பியல் பயிற்சியில் இருந்த காலத்தில், அப்படியொரு தேர்வுக்காகச் சாம் என்ற நோயாளியை அமர்த்தியிருந்தார்கள். பிறகு சாம் அவரிடம் ஒரு சங்கதியைச் சொன்னார். தன்னைப் பரிசோதித்த தேர்வர்களில் ஒருவர் மிக முரட்டுத்தனமாக நடந்துகொண்டாராம். அதனால் அவருக்கு மட்டும் பாபின்ஸ்கி குறியை மறுகாலில் காட்டி, உணர்ச்சி குன்றிய இடங்களையும் மாற்றிச் சொல்லிவிட்டாராம்!

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பாரோஸ் அதை மனத்தில் வைத்துக்கொண்டார். நோய்க்குறியை வேண்டியபடி நடித்துக் காட்ட முடியும் என்பது ஒன்று. மாணவர் எப்படிப்பட்டவர் என்று நோயாளிக்கு நன்றாகவே தெரிகிறது, ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை என்பது இன்னொன்று.

1963-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணை அவர் பயிற்றுவித்தார். எந்த நோயும் இல்லாத அந்தப் பெண், கால்கள் செயலிழந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளின் உறை சிதையும் நோய்) நோயாளி ‘பாட்டி டக்கர்’ ஆனார் (பாட்டி என்பது இங்கே பெயர், வயது அல்ல). பாபின்ஸ்கி குறி, ஒரு கண்ணில் பார்வையின்மை, அவற்றோடு நோயாளியின் கவலையும் பதற்றமும் அவருடைய நடிப்பில் இருந்தன. பாரோஸும் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் ஆபிரகாம்சனும் 1964-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மருத்துவக் கல்லூரிக்குள் ஹாலிவுட் நுழைந்துவிட்டது என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன.

அந்தக் கிண்டலைக் கடந்து வந்த முறை இன்று இப்படி நடக்கிறது. இப்படி நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்டவரை, அதாவது பயிற்சி நோயாளியை, அமர்த்தி அவருக்கு ஒரு கதை எழுதித் தரப்படும். அதில் மூன்று அடுக்குகள். மாணவர் உள்ளே வந்ததும் சொல்ல வேண்டிய முதல் வரி மேலடுக்கு: “ஒரு வாரமாக நெஞ்செரிச்சல், டாக்டர்.” கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை அடுத்தது: எப்போது வருகிறது, சாப்பிட்டால் கூடுகிறதா, என்ன மாத்திரை போட்டார். அடியில் இருப்பதுதான் முக்கியம். போன மாதம் அவருடைய அண்ணன் மாரடைப்பில் இறந்திருக்கிறார். தனக்கும் அதுதானோ என்ற பயத்தில் வந்திருக்கிறார். “வலி கைக்குப் பரவுகிறதா?” என்று கேட்கும் மாணவருக்கு “இல்லை” என்ற ஒரு சொல் கிடைக்கும். “இதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு அண்ணன் கதை கிடைக்கும்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதல்ல. 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மருத்துவர்-நோயாளி சந்திப்புகள் 74-இன் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18-ஆவது விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். பேசவிட்டால் பொழுது போய்விடும் என்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேசவிட்டே பார்த்தார்கள். சராசரி 92 விநாடிகளில் நோயாளிகள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். 2002-இல் வெளியான முடிவு இது.

உடல் பரிசோதனைக்கும் ஒத்திகை உண்டு. குடல்வால் அழற்சி வேடம் என்றால், வயிற்றை அழுத்திய கையை மாணவர் சட்டென்று எடுக்கும் கணத்தில் முகம் சுளிக்க வேண்டும். ஐந்து அறைகளில் ஐந்து பேர் ஒரே வேடம் போட்டால், ஐவரும் ஒரே இடத்தில் ஒரே அளவு சுளிக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு நியாயமாகாது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய முணுமுணுப்பையும் வீங்கிய கல்லீரலையும் மட்டும் எவராலும் நடிக்க முடியாது.

பயன் கிடைப்பது நடிப்பு முடிந்த பிறகு. வேடம் கலைந்து, அவர் மாணவரிடம் பேசுவார். “நீங்கள் கனிவாக இல்லை” என்று சொல்லக் கூடாது என்பது பயிற்சி. “அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் தாளைப் பார்த்தீர்கள், விட்டுவிட்டேன்” என்று சொல்ல வேண்டும். எந்தப் பேராசிரியரும் தர முடியாத தகவல் இது. உண்மையான நோயாளி இதைச் சொல்லமாட்டார். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போய்விடுவார்.

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவப் பேராசிரியர் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் மேசைக்கு மேசை மாறிப் போகும் ‘ஆஸ்கி’ (OSCE) தேர்வை அறிமுகப்படுத்தினார். பயிற்சி நோயாளிகளுக்கு அதில் நிலையான வேலை கிடைத்தது. கோளாறும் அங்கிருந்துதான் முளைத்தது என்பேன். பரிவுக்கு மதிப்பெண் என்றதும், “கேட்கவே வருத்தமாக இருக்கிறது” என்பதை மாணவர்கள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க உரிமத் தேர்வில் 2004 முதல் இருந்த பயிற்சி நோயாளிப் பகுதி, கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு 2021-இல் கைவிடவும்பட்டது. செலவைப் பற்றிய முணுமுணுப்பு அதற்கு முன்பே பலமாக இருந்தது. ஹார்வர்டின் கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில் வேறு வழி பார்த்தார்கள்: 2004 முதல் அங்கே ஒரு மாணவர் அதே நோயாளிகளை ஓராண்டு முழுக்கத் தொடர்கிறார். ஓராண்டுக்கு யாரும் நடிக்க முடியாது.

இந்தியாவில் 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, நோயாளியோடு பேசும் கலை முறையான பாடமானது. ஆனாலும் இறுதித் தேர்வுக்கு இன்னும் வார்டில் இருப்பவர்களைத்தான் அழைத்து வருகிறோம். வீங்கிய ஒரே மண்ணீரலை ஒரு நாளில் பத்துப் பேர் அழுத்திப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் சட்டையை விலக்கும் முன் அனுமதி கேட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டவருக்கு, பரிசோதகர் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து நோயாளியே மெல்லச் சொல்லிவிடுவார் என்று மருத்துவக் கல்லூரி விடுதிகளில் ஒரு கதை உலவுகிறது: “இடது பக்கம் பாரு, தம்பி. நாலு விரற்கடை.”