ஸ்கேனில் தெரியாத காயம்

“ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள் டாக்டர், ஆனால் இவர் முன்போல் இல்லை” என்று, தலையில் அடிபட்டவர்களின் வீட்டார் தயங்கிச் சொல்லும்போதெல்லாம், நரம்பியல் மருத்துவரான எனக்குக் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் டெரெக் பூகார்டின் நினைவு வரும்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். என்னும் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக் போட்டிகளில், தம் நட்சத்திர வீரர்களை எதிரணியினர் முரட்டுத்தனமாக மோதாமல் காப்பதற்காக, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் குத்துச்சண்டையில் இறங்கும் ஒருவரை அணிகள் வைத்திருந்தன. அவரை என்ஃபோர்சர் என்பார்கள். சண்டையிட்டவர் ஐந்து நிமிடம் களத்துக்கு வெளியே அமர வேண்டும் என்பதே வழக்கமான தண்டனை. அப்படியொரு என்ஃபோர்சரான, இரண்டு மீட்டர் உயரம் கொண்ட பூகார்ட், மினசோட்டா வைல்டு, நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிகளுக்காக 277 ஆட்டங்களில் அடித்த கோல்கள் மூன்றுதான். தண்டனையாகப் பெற்றதோ 589 நிமிடங்கள்.

2010 டிசம்பரில் ஒட்டாவா அணியுடனான ஆட்டத்தில் சண்டையிட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளான பிறகு அவர் மீண்டும் ஆடவேயில்லை. வலி மாத்திரைப் பழக்கத்தில் சிக்கியிருந்த அவர், 2011 மே 13 அன்று, ஆக்ஸிகோடோன் என்ற வலி மருந்தும் மதுவும் உடலில் கலந்ததால் இறந்தார். வயது 28. அவருடைய மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 45 வயதில் மாரடைப்பால் இறந்த, இன்னொரு என்ஃபோர்சரான பாப் ப்ரோபர்ட்டின் மூளையிலும் அதுவே இருந்தது.

தலையில் திரும்பத் திரும்ப அடி விழும்போது, மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி டௌ என்னும் புரதம் இயல்புக்கு மாறாகப் படிவதே இந்நோயின் அடையாளம். உயிருடன் இருப்பவரிடம் இதை உறுதிப்படுத்த இன்றும் வழியில்லை. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பூகார்டின் தடுமாற்றத்தில் இந்நோய்க்கு எவ்வளவு பங்கு, போதைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. அடிபட்டவுடன் தலைவலி, குழப்பம், கண் கூசுதல், நடையில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் வாரங்களில் கோபமும் மறதியும் தூக்கமின்மையும் தலைகாட்டினால், ஸ்கேன் சீராக இருந்தாலும், வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். அடிபட்டவர் கவனிக்காத மாற்றத்தை உடன் வருபவர்தான் எங்களுக்குச் சொல்கிறார்.