காரை ஏற்றி இழுக்க எந்த வண்டி? பிரிட்டனின் ட்ரெய்லர் விதிகள்

ஓடாத கார் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டீர்கள். அதற்கு எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய வாகனத் தகுதிச் சான்று) இல்லை, சாலை வரியும் கட்டவில்லை. லெஸ்டரில் நிற்கும் அந்தக் காரை ஹாரோவுக்குக் கொண்டுவர வேண்டும். ரிகவரி லாரிக்காரர் கேட்கும் தொகையைப் பார்த்ததும், நாமே ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து ஏற்றிவந்தால் என்ன என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். நான்கு சக்கரமும் ட்ரெய்லரின் மேல் இருக்கும்போது அந்தக் காருக்கு எம்.ஓ.டி.யோ வரியோ கேட்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்த எடையை இழுக்கத் தகுதி இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

நான் முதல்முறை ட்ரெய்லர் எடுக்கப் போன கடையில் என் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் காரின் எடைத் தகட்டை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விதியை மீறினால் மாட்டுவது ஓட்டுபவர்தான், அதனால் இந்தக் கணக்கை நாமே போடத் தெரிந்திருக்க வேண்டும்.

லைசன்ஸ் விஷயம் இப்போது எளிது. 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள், பெரிய ட்ரெய்லர் இழுக்க வேண்டுமானால் முன்பு 'பி பிளஸ் ஈ' என்ற தனி டெஸ்டும் பாஸ் செய்ய வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் அந்த டெஸ்டை எடுத்துவிட்டார்கள். முழு கார் லைசன்ஸ் இருந்தால், அனுமதிக்கப்பட்ட உச்ச எடை (ட்ரெய்லரும் சுமையும் சேர்த்து) 3,500 கிலோ வரை உள்ள ட்ரெய்லரை இழுக்கலாம். அடுத்த முறை புதிய போட்டோகார்டு வரும்போது, லைசன்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. இந்தத் தகுதியைத் தானாகவே அதில் சேர்த்துவிடும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வட அயர்லாந்துக்கு இந்த மாற்றம் பொருந்தாது, அங்கே லைசன்ஸ் நிர்வாகமே தனி.

எண்பதுகளில் இங்கே வந்து 1997க்கு முன்பே டெஸ்ட் பாஸ் செய்த நம் பெரியவர்களுக்கு இன்னும் கூடுதல் உரிமை உண்டு. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோ வரை போகும் ஜோடியை அவர்கள் பொதுவாக ஓட்டலாம். ஆனால் 70 வயதில் லைசன்ஸைப் புதுப்பிக்கும்போது, மருத்துவச் சான்று கொடுக்காவிட்டால் அந்தக் கூடுதல் பகுதி போய்விடும். சாதாரண கார் லைசன்ஸின் 3,500 கிலோ உரிமை அப்படியே இருக்கும்.

2021 விதி தளர்த்தியது ஓட்டுநருக்கு மட்டும்தான். காருக்கு எதுவும் தளரவில்லை. "லைசன்ஸ்ல 3,500 கிலோன்னு இருக்கே" என்று ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் பின்னால் ட்ரெய்லரை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் தயாரிப்பாளர் எப்போதோ முடிவு செய்து தகட்டில் பொறித்துவிட்டார். அதைத் தாண்டினால் உங்கள் லைசன்ஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் குற்றம்தான்.

அந்தத் தகடு எங்கே இருக்கும்? பானட்டைத் திறந்து பாருங்கள், அல்லது முன்கதவைத் திறந்தால் தெரியும் தூணில் பாருங்கள். வின் பிளேட் என்பார்கள். அதில் பெரும்பாலும் நான்கு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதல் எண், ஆட்களும் சாமான்களும் ஏற்றிய கார் தனியாக எவ்வளவு எடை வரலாம் என்பது. இரண்டாவது எண், காரும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்பது. அதற்குக் கீழே உள்ள இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகள். நமக்கு வேண்டியது முதல் இரண்டு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், கார் நிறைய ஏற்றிய நிலையில் எவ்வளவு எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கலாம் என்பது கிடைக்கும். இரண்டாவது எண்ணே இல்லை என்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிஸான் லீஃப் மாடல்கள் அப்படிப்பட்டவைதான். டாக்ஸிக்காக நம்மவர்கள் நிறையப் பேர் வாங்கிய பழைய ப்ரியஸ் மாடல்களும் இழுவைக்கு அனுமதி பெறாதவை. சைக்கிள் ஸ்டாண்டு மாட்ட ஒரு கொக்கி போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

காரின் பதிவு ஆவணமான லாக்புக்கிலும் ஒருமுறை பாருங்கள். வி5சி எனப்படும் அந்த ஆவணத்தில் 'ஓ' என்ற பிரிவில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஓர் எண்ணும், பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு ஓர் எண்ணும் இருக்கும். பழைய கார்களில் இந்த இடம் காலியாகவும் இருக்கலாம். அப்போது காரோடு வந்த கையேட்டைப் புரட்ட வேண்டியதுதான்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏற்ற வேண்டியது 1,100 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார். காரை ஏற்றும் இரட்டை அச்சு ட்ரெய்லர் வெறுமனே 600 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,700 கிலோ. உங்கள் குடும்பக் காரின் தகட்டில் முதல் எண் 2,010, இரண்டாவது 3,510. வித்தியாசம் 1,500. அதாவது 200 கிலோ கூடுதல், போகக் கூடாது.

இங்கேதான் ஒருவர் கேட்பார்: "கார்ல நான் மட்டும்தானே போறேன்? கார் 1,500 கிலோ, ட்ரெய்லர் 1,700, சேர்த்தா 3,200தானே? 3,510க்குக் கீழதானே வருது?" கூட்டல் சரி. ஆனால் வரம்பு ஒன்று அல்ல, இரண்டு. காரும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கு ஒரு வரம்பு, ட்ரெய்லருக்கு மட்டும் தயாரிப்பாளர் சொன்ன வரம்பு இன்னொன்று. இரண்டுக்குமே உட்பட்டிருக்க வேண்டும். காரில் ஆளையும் சாமானையும் குறைத்தால் ட்ரெய்லரில் கூட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

சட்ட வரம்புக்குள் இருப்பது போதுமா என்றால், போதாது என்றே சொல்வேன். கேரவன் இழுப்பவர்களுக்குச் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஓர் ஆலோசனை உண்டு: இழுக்கப்படுவதன் எடை, இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். இது சட்டம் அல்ல. ஆனால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை ஆட்டிவைக்கக் கூடாது என்ற அனுபவம் அதில் இருக்கிறது. நம் 1,700 கிலோவுக்கு இதைப் பொருத்தினால், இழுக்கும் வண்டி வெறுமனே 2,000 கிலோவாவது இருக்க வேண்டும். அப்படியென்றால் பெரிய எஸ்.யு.வி. அல்லது பிக்கப். ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் 3,500 கிலோ இழுக்கத் தகுதியுள்ள மாடல்கள் இருக்கின்றன. ஒரே பெயரில் வரும் வண்டிகளிலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொறுத்து எண் மாறும், அதனால் உங்கள் கைக்கு வரும் வண்டியின் தகட்டைத்தான் நம்ப வேண்டும். ஹைப்ரிட் வகைகள் அதே மாடலின் டீசல் வகையைவிடக் குறைவாக இழுப்பது வழக்கம்.

ஏற்ற வேண்டியது மின்சாரக் காராக இருந்தால் கணக்கு சட்டென்று மாறிவிடும். பேட்டரியோடு 1,900 கிலோ, அதைத் தாங்கும் ட்ரெய்லர் 700 கிலோ, மொத்தம் 2,600. இதற்கு 85 சதவீதக் கணக்குப்படி 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட வண்டி வேண்டும். வீட்டு உபயோக வண்டிகள் அந்த எடைக்கு வருவதில்லை. ட்ரெய்லர் இழுத்துப் பழகாதவர் இந்த இடத்தில் நின்றுவிட்டு ரிகவரி லாரியைக் கூப்பிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கொடுக்கும் காசு வீண்போகாது.

பிரேக் விதியையும் சொல்லிவிடுகிறேன். உச்ச எடை 750 கிலோவைத் தாண்டும் எந்த ட்ரெய்லருக்கும் சொந்தமாக வேலை செய்யும் பிரேக் இருக்க வேண்டும். கார் ஏற்றும் ட்ரெய்லர் எல்லாமே இதில் அடங்கும். கொக்கி கழன்றுபோனால் தானாகப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பிவடம் ஒன்றும் இருக்கும், அதை மறக்காமல் காரில் மாட்டுங்கள். 1998 ஆகஸ்ட் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் டோ பார் (காரின் பின்னால் கொக்கியைத் தாங்கும் கம்பி) அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். யாரோ வெல்டு வைத்துக் கொடுத்த கம்பி செல்லாது. ட்ரெய்லரின் அகலம் 2.55 மீட்டருக்குள், நீளம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்னால் உங்கள் காரின் நம்பர் பிளேட், வேலை செய்யும் விளக்குகள். காரைவிட ட்ரெய்லர் அகலமாக இருந்தால் நீட்டிய கண்ணாடிகளும் தேவை. பின்னால் சரியாகத் தெரியாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசன்ஸில் 3 புள்ளிகள்.

ட்ரெய்லருக்குப் பதிலாக முன்சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் டாலி மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அது வழியில் பழுதான வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்றுவதற்கானது. வாங்கிய காரை ஊர் ஊராக இழுத்துவர அது சரிப்படாது.

எடை எல்லாம் சரியாக வந்தபின்பும் ஏற்றுவதில் தப்பு நடக்கலாம். ட்ரெய்லரின் மூக்கு கார்க் கொக்கியின் மேல் அழுத்தும் எடை மிக முக்கியம். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது பொதுவான அளவு. ஆனால் காருக்கும் டோ பாருக்கும் சொல்லப்பட்ட உச்சத்தைத் தாண்டக் கூடாது, பல கார்களில் அது 75 முதல் 100 கிலோதான். நம் 1,700 கிலோவுக்கு 5 சதவீதமே 85 கிலோ ஆகிவிடுகிறது பாருங்கள். சின்னக் காரின் கொக்கி இதற்குத் தாங்காது என்பதற்கு இது இன்னொரு காரணம். ஏற்றிய காரை ட்ரெய்லரில் ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தித்தான் இந்த அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் பக்கம் முன்னால் இருப்பது நல்லது. பின்பக்கம் கனத்தால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். இறக்கத்திலும், பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போதும் இது திடீரென்று வரும். வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தை மெல்லக் குறையவிடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டித் திருப்பாதீர்கள்.

வேக வரம்பும் மாறும். ட்ரெய்லர் மாட்டியிருந்தால் நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுத்தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகவே கூடாது. எம்1 மோட்டார்வேயில் லெஸ்டரிலிருந்து இறங்கும்போது எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதுதான்.

இதையே தொழிலாகச் செய்து, வாங்கிய கார்களைக் காசுக்கு ஏற்றிக் கொடுத்தால் வேறு விதிகள் வந்து சேரும். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃப் கருவி தேவைப்படலாம், சரக்கு வண்டித் தொழிலுக்கான ஆபரேட்டர் லைசன்ஸும் வேண்டியிருக்கலாம். வியாபாரத்துக்காக 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரோடு கடல் தாண்டி பிரான்ஸ் பக்கம் போவதானால், 2019 மார்ச் 28 முதல் ட்ரெய்லரை முன்கூட்டியே டி.வி.எல்.ஏ.யில் பதிவு செய்ய வேண்டும். சொந்த உபயோகம் என்றாலும் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, ட்ரெய்லர் இழுப்பதற்கும் அதன் மேல் உள்ள காருக்கும் காப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதம் மட்டுமே அடங்கும்.

புறப்படும் நாளில் ஏற்றிய காரின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, நான்கு சக்கரங்களையும் ராட்செட் பட்டைகளால் தனித்தனியே கட்டுங்கள். ட்ரெய்லர் டயர்களின் காற்றையும் பாருங்கள், பல மாதம் சும்மா கிடந்த டயர்கள் அவை. அப்புறம் பத்துப் பதினைந்து மைல் போனதும் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய முதல் இடத்தில் ஒதுங்கி இறங்குங்கள். பட்டைகள் நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். ட்ரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதன் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து மேற்கொண்டு ஓட்டாமல் வாடகைக்குக் கொடுத்த கடையைக் கூப்பிடுங்கள்.