வேலையின்மை: யார் சும்மா இருக்கிறார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் காலையில் தே தாரிக் குடிக்கும் ஒட்டுக்கடையில், பெரியவர் ஒருவர் பேப்பரைப் பிரித்து, "வேலையில்லாத் திண்டாட்டம் 3 விழுக்காட்டுச் சொச்சம்தானாம்" என்றார். பால்மரக் காட்டிலேயே, அதாவது ரப்பர் தோட்டத்திலேயே, பாதி ஆயுளைக் கழித்தவர். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "எங்க தாமானுக்கு வந்து எண்ணச் சொல்லுங்கண்ணே" என்றார். தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி. பேப்பரில் இருந்தது ஒரு கணக்கு. இவர் சொன்னது கண்ணால் பார்ப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டு எப்படிப் பேசி முடிப்பது?

வேலை + இன்மை = வேலையின்மை. சொல் பார்க்க எளிது. ஆனால் அதன் இரண்டு பாதிகளுக்கும் தனிக்கதை உண்டு. பழைய பாட்டுகளில் 'வேலை' என்றால் கடல், கடற்கரை. காலம் என்றும் பொருள் உண்டு. தொழிலைக் குறிக்க வினை, பணி, தொழில் என்று வேறு சொற்கள் இருந்தன. கூலிக்கும் சம்பளத்துக்கும் செய்வதை 'வேலை' என்பது நமக்கு இன்று மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. 'இன்மை' அப்படி இல்லை. இல்லாமை என்பது அதன் நேர்ப்பொருள் என்றாலும், தனியே நின்றால் அது வறுமை. குறளில் நல்குரவு அதிகாரம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. 'வேலையின்மை' என்று எழுதும்போதே பசியின் வாடை கொஞ்சம் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'திண்டாட்டம்' சேர்ந்தால் வாடை இன்னும் தூக்கல். மேடைக்கும் தலையங்கத்துக்கும் நல்ல சொல்தான், புள்ளிவிவர அட்டவணைக்கு ஆகாது. வேலை இல்லாதவர் எல்லாரும் திண்டாடுவதில்லை. திண்டாடுகிறவர் பலர் காலை ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அறிக்கையில் 'வேலையின்மை விகிதம்' என்பதே சரி.

மலாயில் இதற்கு 'பெங்ஙாங்குரான்'. அடிச்சொல் 'ஆங்குர்', அதாவது வேலை இல்லாமல் இருத்தல். இதே உச்சரிப்பில் திராட்சைக்கும் ஒரு சொல் இருக்கிறது. அது பாரசீகத்திலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேலைக்கு மலாய்ச் சொல்லான 'கெர்ஜா' மட்டும் நமக்குச் சொந்தக்காரர். சமஸ்கிருத 'கார்ய' அங்கே போய் கெர்ஜா ஆனது, இங்கே வந்து காரியம் ஆனது.

சரி, கணக்குக்கு வருவோம். புள்ளிவிவரத் துறை 1974 முதல் தொழிற்படை ஆய்வை நடத்துகிறது. வீடுகளுக்குப் போய், 15 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். அந்த வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ குடும்ப வருமானத்துக்கோ ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் 'வேலையில் இருப்பவர்'.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். தீபாவளி நெருங்கினால் அவர் வீட்டு அடுப்பு அணைவதே இல்லை. முறுக்கு சுட்டு, பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஆர்டர் கொடுத்தவர்களின் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதி அடுக்கி வைப்பார். மற்ற மாதங்களில் தையல். "என்னக்கா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால் பதில் மாறாது: "வேலைக்கெல்லாம் போகலப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்." ஆய்வின் விதிப்படி அவர் சும்மா இல்லை. அந்த முறுக்கு லாபத்துக்குச் சுட்டது, ஆகவே அவர் வேலையில் இருப்பவர். கேட்க வருபவர் அக்காவின் 'சும்மா'வை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். தமிழில் 'சும்மா' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு ஒளிந்திருக்கிறது என்பது நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் உழைத்தவருக்கு நன்றாகப் புரியும் விதி இன்னொன்று உண்டு. பெரட்டு என்று நாம் சொல்லும் காலை ஆள்கணக்கு ஆங்கிலப் 'பரேட்' திரிந்து வந்தது. இருட்டோடு பெரட்டுக் களத்தில் நின்று பேர் சொன்னவருக்கே அன்றைய கூலி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் காசு இல்லை. வாரம் முழுக்கக் கொட்டினால் வாரம் முழுக்க பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்தே கிடக்கும். ஆனால் திரும்பிப் போக வேலை இருக்கிறது என்பதால் ஆய்வில் அவர் வேலையற்றவர் ஆகமாட்டார். மோசமான வானிலை, நோய், விடுப்பு எல்லாம் 'தற்காலிகமாக வராமை'தான். தப்பான விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எண்ணுவது வேலையை, வருமானத்தை அல்ல. கடன் புத்தகத்தை நீட்டும் மளிகைக் கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வேலையற்றவரிலும் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். வேலை செய்யத் தயாராக இருந்து, அந்த வாரத்தில் தேடியும் அலைந்தவர் 'பெங்ஙாங்குர் அக்திஃப்'. தேடாதவர் 'தீடாக் அக்திஃப்': விண்ணப்பம் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர், தனக்கேற்ற வேலையே இல்லை என்று நம்பிக்கை விட்டுப்போனவர் போன்றோர். இதைச் சிலர் 'செயலூக்கமற்ற வேலையில்லாதவர்' என்று தமிழாக்குகிறார்கள். படித்தால் திட்டுவதுபோல இருக்கிறது. 'தேடும் வேலையின்மை', 'தேடாத வேலையின்மை' என்று எழுதினால் போதும், பொருளும் வந்துவிடும், பழியும் விழாது. படிப்பவர், ஓய்வு பெற்றவர், குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவர், வேலையில் நாட்டமே இல்லாதவர் எல்லாம் தொழிற்படைக்கு, அதாவது வேலையில் இருப்பவரும் வேலையற்றவரும் சேர்ந்த கூட்டத்துக்கு, வெளியே. விகிதத்தில் வகுக்கும் எண் மொத்த மக்கள்தொகை அல்ல, தொழிற்படை மட்டுமே. தாமானில் கண்ணில் படும் எல்லாரையும் கூட்டி விழுக்காடு சொன்னால் பேப்பர் கணக்கோடு ஒத்துவராது.

வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாகவே வேலை கிடைத்து, மேலும் செய்யத் தயாராக இருப்பவரின் நிலைக்குக் 'குறைவேலை' என்ற சொல் கச்சிதம். ஆட்குறைப்பில் போனது 'வேலை இழப்பு'. 2018இல் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ உதவித்தொகை தருவது இதற்குத்தான், அதுவும் சந்தா கட்டியவருக்கு. பள்ளி முடித்து இன்னும் முதல் வேலையே கிடைக்காத பிள்ளை வேலையின்மைக் கணக்கில் இருப்பான். அந்த உதவியில் இருக்கமாட்டான்.

அப்புறம், 'பிராந்திய வேலையின்மை'. 'வட்டார வேலையின்மை' என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துக்குள், மாவட்டம் பேராக் மாநிலத்துக்குள். மாநிலச் சராசரியில் ஈப்போவும் நாங்களும் ஒரே இலையில்தான் உட்கார்ந்திருப்போம். அதைவிட முக்கியம், ஆள் எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். இங்கே வேலை கிடைக்காமல் கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி, கிராப் ஓட்டும் பையன் அந்த ஊர்க் கணக்கில் வேலையில் இருப்பவர். எங்கள் ஊர்க் கணக்கில் அவன் இல்லவே இல்லை. ஆள் போகப் போக எங்கள் விகிதம் அழகாகக்கூடத் தெரியலாம்.

இது புது வித்தையும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, தோட்டங்களுக்கு வேண்டாதவர்களான இந்தியத் தொழிலாளர்களை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். மலாயாவில் அவர்கள் வேலையில்லாதவர்களாக எண்ணப்படும் அளவுக்குக்கூட இருக்கவிடப்படவில்லை. அந்தப் பழைய பாட்டு 'வேலை'யைத் தாண்டித்தான் போனார்கள்.