பவுலா ராட்கிளிஃப்: இன்ஜின் அதே, மைலேஜ் வேறு

2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானை பவுலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி முடித்தார். முதல் பாதிக்கு 68:02, இரண்டாம் பாதிக்கு 67:23. கால்கள் கனக்கத் தொடங்கும் பாதியில்தான் வேகம் கூடியிருக்கிறது! 2019-ல் கென்யாவின் பிரிஜிட் காஸ்கெய் சிகாகோவில் 2:14:04-ல் ஓடும்வரை, 16 ஆண்டுகள் அந்த உலக சாதனை அசையவே இல்லை.

இங்கிலாந்தின் செஷயரில் பிறந்த பவுலா, 1992-ல் பாஸ்டனில் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளமான திறந்தவெளி ஓட்டம்) பட்டம் வென்றவர். அந்தக் காலத்திலிருந்தே உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரைப் பரிசோதித்து வந்தார். ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். மூச்சுக்காற்றிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று கணக்கிடுவார்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டைப் பார்ப்பார்கள்.

உடல் உச்சகட்டமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் ஓட்டக்காரரின் இன்ஜின் அளவு. பவுலாவுக்கு அது 1992-ல் எடை கிலோவுக்கு நிமிடத்தில் சுமார் 70 மில்லி. 2003-லும் ஏறக்குறைய அதே 70தான். மாறியது செலவு. ஒரு கிலோமீட்டர் ஓட, எடை கிலோவுக்கு 1992-ல் சுமார் 205 மில்லி ஆக்சிஜன் தேவைப்பட்டது. 2003-ல் 175 போதுமானதாக இருந்தது.

இதை மாரத்தானில் பொருத்திப் பாருங்கள். 42.195 கி.மீ.க்கு 2:15:25 என்றால் மணிக்கு 18.7 கி.மீ. பழைய செலவுக் கணக்கில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 64 மில்லி வேண்டும். உச்சத்தில் 91 சதவீதம். அதை இரண்டே கால் மணி நேரம் யாராலும் தாங்க முடியாது. புதிய கணக்கில் 54.5 மில்லி, அதாவது 78 சதவீதம். லாக்டேட் விறுவிறுவென்று ஏறத் தொடங்கும் வேகமும் இதே காலத்தில் மணிக்கு 16 கி.மீ.யிலிருந்து 20 கி.மீ.க்குத் தள்ளிப்போனது. 18.7 அந்த எல்லைக்குள் பத்திரமாக அடங்கிவிட்டது.

செலவு ஏன் குறைந்தது? வாரத்துக்கு 190 முதல் 250 கி.மீ. வரை, ஆண்டுக்கணக்கில் ஓடிய ஓட்டம்தான் அடிப்படை. அதோடு இரண்டு சின்ன அளவீடுகள் என்னை மிகவும் கவர்கின்றன. நின்ற இடத்தில் குதிக்கும் உயரம் 29 செ.மீ.யிலிருந்து 38 ஆனது. உட்கார்ந்து குனிந்து கால்விரல் தொடும் சோதனையிலோ எட்டும் தூரம் 4 செ.மீ. குறைந்தது. வளைவுத்தன்மை குறைந்தது நல்லதா என்று கேட்கத் தோன்றும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் விறைப்பாக இருந்தால், பாதம் தரையில் பதியும்போது ஆற்றலைச் சேமித்து, எழும்பும்போது திருப்பித் தரும். அந்த அளவுக்குத் தசைகளுக்கு வேலை மிச்சம்.

மைலேஜ் எவ்வளவு இருந்தாலும் எரிபொருள் வந்து சேர வேண்டும். 54 கிலோ எடைக்கு, புதிய கணக்கிலேயே மாரத்தான் செலவு சுமார் 2,000 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனை மட்டும் நம்ப முடியாது. மீதிக்குக் கொழுப்பும், வழியில் குடிக்கும் சர்க்கரை பானமும்தான் கதி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அறுந்தது இந்தக் கண்ணிதான். போட்டிக்கு முன் கால் காயத்துக்காக எடுத்த அழற்சி எதிர்ப்பு மருந்து வயிற்றைக் கெடுத்துவிட்டது. குடலால் சத்தை உறிஞ்ச முடியவில்லை. கடும் வெயிலில் ரத்தம் தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதால் குடலுக்கு வரும் ரத்தமும் குறையும். 36-வது கி.மீ. அருகே பவுலா நின்றுவிட்டார். 'மனத்திடம் இல்லை' என்று அன்று பேசியவர்கள் அநியாயமாகப் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை அவர் வென்றார். 2005-ல் ஹெல்சிங்கியில் உலக சாம்பியனும் ஆனார்.

கடைசியில் கைவிட்டது இதயமோ நுரையீரலோ அல்ல, அத்தனை கிலோமீட்டரையும் தாங்கிய இடது பாதம். அந்தக் காயத்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவரால் ஓட முடியவில்லை. அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. 2015 ஏப்ரலில் அதே லண்டன் சாலைகளில் 2:36:55-ல் ஓடி, போட்டிகளிலிருந்து விடைபெற்றார்.